ஹோல்ஸ்டைனிலிருந்து நெப்ராஸ்கா வரை: ஒரு ஜெர்மன் குடும்பத்தின் தடத்தைத் தேடுவது எப்படி?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உங்கள் வீட்டுக்காரரின் எள்ளுத்தாத்தா ஜெர்மனியிலிருந்து வந்து, அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், ஹால் கவுண்டியில் (கவுண்டி நம் மாவட்டம் போன்றது), கிராண்ட் ஐலண்ட் ஊருக்குப் பக்கத்தில் நிலம் வாங்கிக் குடியேறியவர். "ஹோல்ஸ்டைன்காரர்" என்பதைத் தவிர அவரைப் பற்றிக் குடும்பத்தில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. இணையத்தில் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளைத் தேடினால் அதே பெயரில் 1860இல் அயோவாவில் ஒருவர் இருக்கிறார், பிறந்த நாடு டென்மார்க். 1880இல் நெப்ராஸ்காவில் ஒருவர், பிரஷியா. 1900இல் ஒருவர், ஜெர்மனி. மூன்று பேரும் ஒரே ஆள்தானா, எந்த ஊர்க்காரர், தேடலை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒரே ஆளாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். வயதும் மனைவி மக்கள் பெயர்களும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒத்துப்போனால் நாட்டின் பெயர் மாறுவதை நினைத்துக் குழம்ப வேண்டாம், ஏனென்றால் அவர் பிறந்த ஊரின் மேல் ஆட்சிதான் மாறிக்கொண்டே இருந்தது. இன்றைய வட ஜெர்மனியில் இருக்கும் ஹோல்ஸ்டைனின் மக்கள் பேசியது ஜெர்மன், ஆனால் அந்தப் பகுதிக்குக் கோமகனாக இருந்தவர் டென்மார்க் அரசர். 1848இல் பக்கத்துப் பகுதியான ஷ்லெஸ்விக்கும் ஹோல்ஸ்டைனும் அவருக்கு எதிராக எழுந்தன. மூன்று வருடச் சண்டை 1851இல் தோல்வியில் முடிந்தது. 1864இல் பிரஷியாவும் ஆஸ்திரியாவும் சேர்ந்து டென்மார்க்கைத் தோற்கடித்தன. கொஞ்ச காலம் ஹோல்ஸ்டைனை ஆஸ்திரியா நிர்வகித்தது. 1867இல் அது பிரஷியாவின் மாகாணம் ஆனது, 1871இல் பிரஷியாவோடு சேர்ந்து ஜெர்மன் பேரரசுக்குள் வந்தது. கணக்கெடுக்க வந்தவர் அந்தந்த வருடம் எது வழக்கமோ, வீட்டில் இருந்தவர் எதைச் சொன்னாரோ அதை எழுதிக்கொண்டு போனார். ஆகவே டென்மார்க், பிரஷியா, ஜெர்மனி மூன்றுமே சரிதான்.

இந்தக் குழப்பம் உங்களுக்கு உதவவும் செய்யும். அமெரிக்கக் குடியுரிமை கேட்பவர், தன் பழைய அரசருக்குரிய விசுவாசத்தைக் கைவிடுவதாக அவர் பெயரைச் சொல்லிச் சத்தியம் செய்ய வேண்டும். 1864க்கு முன்னால் மனுக் கொடுத்த ஹோல்ஸ்டைன்காரர் கைவிட்டது டென்மார்க் அரசரை. 1870க்குப் பிறகு கொடுத்தவர் பிரஷிய அரசரையோ ஜெர்மன் பேரரசரையோ கைவிட்டிருப்பார். தேதி அழிந்துபோன ஒரு தாளில்கூட அரசர் பெயர் இருந்தால் காலத்தை ஓரளவு கணித்துவிடலாம்.

அடுத்தது, எங்கே தொடங்குவது. தயவுசெய்து ஜெர்மனியில் தொடங்காதீர்கள். நிறையப் பேர் உற்சாகத்தில் ஜெர்மன் தளங்களில் குடும்பப் பெயரைப் போட்டுத் தேடி, ஆயிரம் பேரைக் கண்டுபிடித்து, அதில் யாரோ ஒருவரைத் தாத்தாவாக்கிக்கொள்கிறார்கள். அந்தக் காலத்து ஜெர்மன் பதிவுகள் சர்ச் சபை வாரியாக, ஊர் ஊராக இருப்பவை. அரசாங்கப் பிறப்பு இறப்புப் பதிவே பிரஷியாவில் 1874 அக்டோபரில்தான் தொடங்கியது. ஊர்ப் பெயர் தெரியாமல் அங்கே போனால் ஒன்றும் நடக்காது. அந்த ஊர்ப் பெயரோ பெரும்பாலும் அமெரிக்காவில்தான் எழுதப்பட்டிருக்கும், பல சமயம் நீங்கள் தேடும் ஆளின் தாளில் இருக்காது, பக்கத்து நிலத்துக்காரரின் தாளில் இருக்கும். பல குடும்பங்களுக்காக இந்த வேலையைச் செய்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இதுதான்: நெப்ராஸ்கா போன்ற புல்வெளிப் பகுதிக்கு ஜெர்மானியர் தனியாகப் போகவில்லை. ஒரே ஊர்க்காரர், மச்சான், ஒன்றாகத் திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை பதின்ம வயதில் சபையில் தன் விசுவாசத்தை உறுதிப்படுத்தும் சடங்கு) எடுத்த நண்பன் என்று கூட்டமாகப் போனார்கள். குடும்பப் பெயரை மட்டும் துரத்தினால் பாதியில் நின்றுவிடுவீர்கள். அக்கம்பக்கத்தைத் துரத்தினால் ஊர் கிடைக்கும்.

கிராண்ட் ஐலண்ட் இதற்கு நல்ல உதாரணம். 1857இல் அயோவாவின் டாவென்போர்ட்டிலிருந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாட்டு வண்டிகளோடு மேற்கே கிளம்பினார்கள். பெரும்பாலோர் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன்காரர்கள். வில்லியம் ஸ்டாலியும் ஃபிரெட் ஹெட்டேயும் அவர்களில் முக்கியமானவர்கள். ஜூலைத் தொடக்கத்தில் பிளாட் ஆற்றங்கரையை அடைந்தார்கள். பின்னால் இருந்து பணம் போட்டவர்கள் வாஷிங்டன் வங்கியாளர்கள். கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் ரயில் பாதை என்றாவது ஒருநாள் பிளாட் பள்ளத்தாக்கு வழியாகத்தான் வரும், அப்போது அங்கே ஒரு நகரம் இருந்தால் நிலம் பொன்னாகும் என்பது அவர்கள் கணக்கு. அதே வருடம் வந்த நிதி நெருக்கடியில் அந்தக் கணக்கு சிதறியது. குடியேறியவர்கள் மட்டும் அங்கேயே தங்கிவிட்டார்கள். ஆற்றுத் தீவுகளில் கிடைத்த மரத்தை வெட்டி வீடு கட்டினார்கள். விளைந்த சோளத்தை மேற்கே இருந்த கியர்னி கோட்டைக்கு விற்றார்கள். 1866இல் யூனியன் பசிபிக் ரயில் வந்தது, ஊர் தண்டவாளத்தை ஒட்டி மறுபடி எழுந்தது.

அந்த நிலம் காலியாகக் கிடந்தது என்று உள்ளூர் வரலாறுகள் பல எழுதும், அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அது பாவ்னி என்ற பூர்வகுடி மக்களின் நாடு. பிளாட் ஆற்றை ஒட்டிய ஒரு பட்டையை 1848இல் அவர்களிடமிருந்து அரசாங்கம் எழுதி வாங்கியிருந்தது. வடக்கே மிச்சமிருந்ததில் பெரும்பகுதி டேபிள் கிரீக் உடன்படிக்கையில் போனது. அது கையெழுத்தானது 1857 செப்டம்பரில், அதாவது டாவென்போர்ட் வண்டிகள் வந்து சேர்ந்து இரண்டு மாதம் கழித்து. 1870களின் நடுவில் பாவ்னிகள் நெப்ராஸ்காவை விட்டே இன்றைய ஓக்லஹோமாவுக்குப் போக வேண்டியதாயிற்று. உங்கள் குடும்ப வரலாற்றை எழுதும்போது இதற்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

சரி, நிலத்துக்கு வருவோம். உங்கள் தேடல் தொடங்க வேண்டிய இடம் இதுதான்.

முதலில் அவருடைய நிலம் எந்தச் செக்‌ஷனில் இருந்தது என்று கண்டுபிடியுங்கள். அங்கே நிலத்தை ஆறு மைல் சதுரங்களாக அளந்து, அதற்கு டவுன்ஷிப் என்று பெயர் வைத்தார்கள். ஒவ்வொரு டவுன்ஷிப்பிலும் 36 செக்‌ஷன், ஒவ்வொரு செக்‌ஷனும் 640 ஏக்கர். கால் செக்‌ஷன் 160 ஏக்கர். நெப்ராஸ்கா நிலங்கள் எல்லாம் ஆறாவது பிரதான தீர்க்கக் கோட்டிலிருந்து அளக்கப்பட்டவை. ஆகவே ஒரு நிலத்தின் முகவரி "வடமேற்குக் கால், செக்‌ஷன் 14, டவுன்ஷிப் 11 வடக்கு, ரேஞ்ச் 9 மேற்கு" என்று நம் சர்வே எண் போல ஒரே வரியில் முடிந்துவிடும். அந்த வரி கிடைத்துவிட்டால் எல்லாக் கதவும் திறக்கும். பழைய கவுண்டி நில வரைபடப் புத்தகங்களில் ஒவ்வொரு துண்டிலும் உரிமையாளர் பெயர் அச்சாகியிருக்கும். அமெரிக்க நில மேலாண்மைத் துறையின் இணையதளத்தில் மாநிலம், கவுண்டி, பெயர் கொடுத்தால் அரசாங்கம் வழங்கிய பட்டாக்களின் நகல் இலவசமாக வரும்.

இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. செக்‌ஷன் எண் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பாருங்கள். யூனியன் பசிபிக் கம்பெனிக்குப் பாதையின் இரண்டு பக்கமும் இருபது மைல் வரை ஒற்றைப்படைச் செக்‌ஷன்களை அரசு மானியமாகக் கொடுத்தது. அரசாங்கம் இலவசமாகத் தந்த ஹோம்ஸ்டெட் நிலம் இரட்டைப்படைச் செக்‌ஷன்களில்தான் இருக்கும். பள்ளிக்கூடங்களுக்கென்று ஒதுக்கிய 16, 36 ஆகிய இரண்டும் தனிக் கணக்கு. உங்கள் எள்ளுத்தாத்தாவின் நிலம் ஒற்றைப்படையில் இருந்தால் அவர் அநேகமாக அதை ரயில் கம்பெனியிடம் காசு கொடுத்து வாங்கியிருப்பார். அப்போது அரசாங்கப் பட்டாவில் கம்பெனி பெயர் இருக்கும், இவர் பெயர் இருக்காது. இணையத்தில் பெயர் கிடைக்கவில்லை என்று பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். அவருடைய கிரயப் பத்திரம் கவுண்டி பதிவு அலுவலகத்தின் பத்திரப் புத்தகத்தில் இருக்கும், அங்கே கேளுங்கள். ரயில் மானியத்துக்கு முன்பே, 1857இலிருந்தே ஆள் குடியிருந்த துண்டுகளுக்கு இந்த விதி பொருந்தாமல் போகலாம்.

இன்னொன்று. ஹோம்ஸ்டெட் என்றால் 160 ஏக்கர் என்று எல்லோரும் எழுதுவார்கள். உங்கள் ஆள் 80 ஏக்கர்தான் எடுத்திருந்தால், வசதி இல்லாதவர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ரயில் மானிய எல்லைக்குள் இருந்த அரசு நிலத்தில் 1879 வரை சாதாரண ஆளுக்கு 80 ஏக்கர்தான் கொடுத்தார்கள். உள்நாட்டுப் போரில் பணியாற்றியவர்களுக்கு 1872 முதல் விலக்கு இருந்தது. ஆகவே அந்தப் பகுதியில், அந்த வருடங்களில் ஒருவர் 160 ஏக்கர் எடுத்திருந்தால் அவருடைய போர்ப் பதிவையும் தேடிப் பார்ப்பது நல்லது.

இரட்டைப்படையாக இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். ஹோம்ஸ்டெட் சட்டத்தில் லிங்கன் 1862 மே 20இல் கையெழுத்திட்டார், 1863 ஜனவரி 1இல் அது நடைமுறைக்கு வந்தது. 21 வயது ஆனவர் அல்லது குடும்பத் தலைவர் யாரும் விண்ணப்பிக்கலாம். குடியுரிமை இல்லாதவர், அதை வாங்கும் எண்ணத்தை நீதிமன்றத்தில் முறையாக அறிவித்திருந்தால் போதும். கட்டணமெல்லாம் சேர்த்து 18 டாலர் அளவில் வரும். ஐந்து வருடம் அங்கேயே குடியிருந்து உழுது, கடைசியில் நிரூபிக்க வேண்டும். அந்த நேரத்தில் அவர் முழுக் குடிமகனாக ஆகியிருக்க வேண்டும் என்பதால், வெளிநாட்டில் பிறந்தவரின் கோப்பில் குடியுரிமைத் தாளின் நகலும் சேர்ந்திருக்கும். 1906க்கு முன்னால் எந்த ஊர் நீதிமன்றத்திலும் குடியுரிமை வாங்கலாம் என்ற நிலை இருந்தது. அதனால் அந்தத் தாள் எந்தக் கவுண்டியில் கிடக்கிறது என்று அலைவதே பெரிய வேலை. கோப்பு அந்த அலைச்சலை மிச்சம் பண்ணிவிடும்.

வெறும் பட்டா நகலை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள், அது ஒரு பக்கம்தான். அதற்குப் பின்னால் உள்ள கோப்பு தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. நெப்ராஸ்காக் கோப்புகளை டிஜிட்டலாக்கும் வேலை முடிந்துவிட்டதால் வீட்டில் இருந்தபடியே பார்க்கலாம். அதில் நான் முதலில் புரட்டுவது கடைசி நிரூபணச் சாட்சியம். அச்சடித்த கேள்விகள், பக்கத்தில் மையால் பதில்கள். எந்த மாதம் குடிவந்தீர்கள்? வீடு எப்படிப்பட்டது? பதில் இந்த மாதிரி இருக்கும்: மண் வீடு, 14 அடிக்கு 20 அடி, பலகைத் தரை, ஒரு கதவு, இரண்டு ஜன்னல், ஒரு தொழுவம், ஒரு கிணறு, உழுதது இத்தனை ஏக்கர், மனைவியும் நான்கு பிள்ளைகளும். மரம் கிடைத்த ஆற்றோரத்தில் கட்டை வீடு என்றும், ஆற்றை விட்டு விலகிய மேட்டில் மண் வீடு என்றும் வரும். புல் வேரோடு மண்ணைப் பாளம் பாளமாக வெட்டி, செங்கல் போல அடுக்கிக் கட்டியது அது. அடியில் கையெழுத்து. எள்ளுத்தாத்தா தன் பெயரைத் தன் கையால் எப்படி எழுதினார் என்பதை அங்கேதான் பார்ப்பீர்கள். கணக்கெடுப்பில் எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதை விட அந்த எழுத்துக்கூட்டலை நம்புங்கள். ஜெர்மன் பதிவில் தேட வேண்டிய வடிவம் அதற்குத்தான் நெருக்கமாக இருக்கும்.

கோப்பில் வெட்டுக்கிளி பற்றிய உறுதிமொழித் தாள் இருந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம். 1874 கோடையில் ராக்கி மலை வெட்டுக்கிளிகள் நெப்ராஸ்காவிலும் கான்சாஸிலும் டகோட்டாவிலும் இறங்கி, நின்ற பயிரையெல்லாம் தின்றுவிட்டுப் போயின. பிழைப்புக்காக நிலத்தை விட்டுத் தற்காலிகமாக வெளியே போனவர்கள் உரிமையை இழக்கக் கூடாது என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அந்த வருடக் கடைசியில் சட்டம் போட்டது. உங்கள் ஆள் 1875இல் ஒரு குளிர்காலம் அயோவாவுக்குத் திரும்பிப் போயிருந்தால், அதற்கான காரணத்தை அவரே எழுதிக் கொடுத்திருப்பார். பட்டா வாங்காமலே கைவிட்டவர்களும் ஏராளம். அவர்கள் பெயர் பட்டாத் தளத்தில் வராது. நில அலுவலகங்களின் டிராக்ட் புத்தகங்களில் செக்‌ஷன் வாரியாகப் பார்த்தால் ரத்தான விண்ணப்பங்களும் தெரியும். அவற்றுக்கும் கோப்பு உண்டு.

அப்புறம் சாட்சிகள். இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். 1879 முதல் நிரூபணத்துக்கு முன் செய்தித்தாளில் அறிவிப்பு வர வேண்டும், அதில் நான்கு பேர் பெயர் கொடுக்க வேண்டும், அவர்களில் இரண்டு பேர் வந்து சாட்சி சொல்ல வேண்டும். அந்த நால்வரும் பெரும்பாலும் பக்கத்து நிலத்துக்காரர்கள். அந்த நான்கு பெயரையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, ஒவ்வொருவரையும் உங்கள் சொந்தத் தாத்தா போலவே தேடுங்கள். 1860 கணக்கெடுப்பில் அயோவாவிலும் இவர்கள் பக்கத்து வீடுகளில் இருக்கிறார்களா? ஒரே கப்பலில் வந்தார்களா? ஒருவர் மனைவி இன்னொருவரின் தங்கையா? நால்வரில் யாராவது ஒருவரின் கல்லறையிலோ மறைவுச் செய்தியிலோ பிறந்த ஊர் இருந்தால், உங்கள் ஆளின் ஊரும் அதிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்க வாய்ப்பு நிறைய.

இந்த வேலைக்கு அயோவாவும் டாவென்போர்ட்டும் மிக முக்கியம். மிசிசிப்பி ஆற்றின் மேல் முதல் ரயில் பாலம் 1856இல் டாவென்போர்ட்டில்தான் திறந்தது. 1848 எழுச்சியில் தோற்றவர்கள், அவர்கள் பின்னால் வந்த பண்ணைக் கூலிகள், கைவினைஞர்கள் என்று ஹோல்ஸ்டைன்காரர் குவிந்த ஊர் அது. ஹான்ஸ் ரைமர் கிளாவுசன் என்ற வழக்கறிஞர் அந்த எழுச்சியின் அரசியல்வாதிகளில் ஒருவர். டாவென்போர்ட்டுக்கு வந்து பிறகு அயோவா மாநில செனட்டிலும் உட்கார்ந்தார். 1851 முதல் அங்கே "டெர் டெமோக்ராட்" என்ற ஜெர்மன் பத்திரிகை வந்தது. கீல் நகருக்குக் கிழக்கே, ஷோன்பெர்க்கைச் சுற்றியுள்ள ப்ரோப்ஸ்டாய் பகுதியிலிருந்து டாவென்போர்ட் இருக்கும் ஸ்காட் கவுண்டிக்கும் அதை அடுத்த கிளிண்டன் கவுண்டிக்கும் வந்த குடும்பங்கள் நிறைய. டாவென்போர்ட் பொது நூலகத்தின் சிறப்புத் தொகுப்புப் பிரிவிலும், அந்தப் பகுதியில் இயங்கும் அமெரிக்க ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் பாரம்பரியச் சங்கத்திலும் விசாரியுங்கள். அக்கறையோடு பதில் சொல்வார்கள்.

கணக்கெடுப்பைப் பொறுத்தவரை 1890ஆம் ஆண்டுடையது பெரும்பாலும் அழிந்துவிட்டது. 1921இல் வாஷிங்டனில் நடந்த தீ விபத்தில் நாசமானது. நெப்ராஸ்காவுக்கு அந்த இடைவெளியை 1885 மாநிலக் கணக்கெடுப்பு ஓரளவு நிரப்புகிறது. 1900இல் குடியேறிய வருடம், பிறந்த மாதமும் வருடமும், தாய் பெற்ற பிள்ளைகள் எத்தனை, உயிரோடிருப்பவர்கள் எத்தனை என்பதெல்லாம் இருக்கும். 1850 முதல் 1880 வரை விவசாயத்துக்கென்று தனிப் பட்டியலே உண்டு. எத்தனை மாடு, எத்தனை புஷல் கோதுமை என்று ஒரு பண்ணையின் ஒரு வருடத்தை அதில் அப்படியே பார்க்கலாம்.

சர்ச் பதிவுகள் பற்றி ஒரு எச்சரிக்கை. ஜெர்மன் லூத்தரன் சபைப் பதிவேடு கிடைத்தால் அதைப் போலப் பொக்கிஷம் வேறில்லை. அடக்கப் பதிவில் பிறந்த ஊரையும் போதகர் எழுதியிருப்பார், ஞானஸ்நானப் பதிவில் ஞானப்பெற்றோர் யார் என்று இருக்கும். ஆனால் டாவென்போர்ட் வழி வந்த ஹோல்ஸ்டைன்காரர்களில் கணிசமானோர் சபையை விட்டு விலகிய சுதந்திரச் சிந்தனையாளர்கள். எட்டுச் சபைகளுக்கு எழுதி ஒன்றிலும் பெயர் இல்லை என்றால் தேடல் முடிந்துபோனதாக நினைக்காதீர்கள். அப்படிப்பட்டவர்களின் சமூக வாழ்க்கை பாட்டுக் குழுவிலும் உடற்பயிற்சிக் கழகத்திலும் இருந்தது. கிராண்ட் ஐலண்டில் லீடர்கிரான்ஸ் பாட்டுச் சங்கம் 1870இல் தொடங்கியது. தாழ்நில ஜெர்மன் பேசியவர்களின் பிளாட்டொய்ச் சங்கம் 1884இல் தொடங்கியது. இரண்டும் இன்றும் இருக்கின்றன. உறுப்பினர் பட்டியல், அடக்கத்துக்கு அனுப்பிய மரியாதைத் தீர்மானம், உள்ளூர் ஜெர்மன் பத்திரிகையில் வந்த மறைவுச் செய்தி ஆகியவற்றைத் தேடுங்கள். ஊரில் உள்ள ஸ்டூர் அருங்காட்சியகத்தின் ஆவணப் பிரிவையும் நெப்ராஸ்காவின் தலைநகரான லிங்கனில் உள்ள மாநில வரலாற்றுச் சங்கத்தையும் கேளுங்கள். ஒருவர் இறந்தால் ஆங்கிலப் பத்திரிகை "ஜெர்மனியில் பிறந்தவர்" என்று முடித்துவிடும். ஜெர்மன் பத்திரிகை ஊரையும் சேர்த்து எழுதும், ஏனென்றால் அதைப் படிப்பவர்களில் பாதிப் பேருக்கு அந்த ஊர் தெரியும்.

பெயர்களில் கவனம் வேண்டும். யோஹான் ஹின்ரிக் என்று ஞானஸ்நானம் பெற்றவரை வீட்டில் ஹின்ரிக் என்றுதான் கூப்பிடுவார்கள், அமெரிக்காவில் அவர் ஹென்றி ஆகிவிடுவார். ஒரே வீட்டில் மூன்று யோஹான் இருக்கலாம், கூப்பிடும் பெயர்தான் வேறுபடுத்தும். ஆபெல் என்பது ஹோல்ஸ்டைனில் பெண் பெயர். கணக்கெடுப்பில் ஆபெல் என்ற மகன் திடீரென்று தோன்றி மறைந்தால், அது மகளாக இருக்கும் என்று சந்தேகப்படுங்கள்.

உங்கள் குடும்பத்தில் ஏன் "ஹோல்ஸ்டைன்" என்ற ஒரு சொல் மட்டும் மிஞ்சியது என்பதற்கும் காரணம் இருக்கிறது. முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியதும் ஜெர்மன் பேசுவதே குற்றம் போல ஆனது. அயோவா ஆளுநர் வில்லியம் ஹார்டிங் 1918 மே மாதம் பொது இடத்திலும் ரயிலிலும் தொலைபேசியிலும்கூட ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசக் கூடாது என்று அறிவித்தார். நெப்ராஸ்காவில் பெர்லின் என்ற ஊர் ஓட்டோ என்று பெயர் மாற்றிக்கொண்டது. 1919இல் நெப்ராஸ்கா, எட்டாம் வகுப்பு முடிக்காத பிள்ளைகளுக்கு வேற்று மொழி கற்பிப்பதைத் தடை செய்தது. ஹால் கவுண்டிக்கு அடுத்த ஹாமில்டன் கவுண்டியில், ஒரு லூத்தரன் பள்ளியில் பத்து வயதுப் பையனுக்கு ஜெர்மன் வாசிக்கச் சொல்லிக் கொடுத்ததற்காக ராபர்ட் மேயர் என்ற ஆசிரியருக்கு அபராதம் விதித்தார்கள். அவர் வழக்கை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனார். 1923 ஜூனில் அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. ஆனால் அதற்குள் ஒரு தலைமுறையே வீட்டு மொழியை விட்டு விலகிவிட்டது. அதற்கு முந்தைய கடிதங்களும் பைபிள் ஓரக் குறிப்புகளும் பழைய ஜெர்மன் சாய்வெழுத்தில் இருப்பதால், படிக்கத் தெரியாத பேரப்பிள்ளைகள் அவற்றைப் பெட்டியிலேயே போட்டு வைத்தார்கள். அதனால் கணினி முன் உட்காருவதற்கு முன் உங்கள் மாமியாரிடமும் அவர் வயதுக்காரர்களிடமும் கேளுங்கள். புரியாத எழுத்தில் ஏதாவது தாள் இருக்கிறதா? திடப்படுத்தல் சான்றிதழ் என்று சட்டம் போட்ட படம் ஒன்று சுவரிலோ பரணிலோ இருக்கிறதா? அதில் சபையின் ஊர்ப் பெயர் அச்சிலேயே இருக்கும். எதையும் தூக்கிப்போட விடாதீர்கள், கையோடு படம் எடுத்து வையுங்கள்.

ஊர்ப் பெயரோ, ஒரு பகுதியின் பெயராவதோ கையில் வந்த பிறகு கடலைக் கடக்கலாம். ஹோல்ஸ்டைன்காரருக்குப் பக்கத்துத் துறைமுகம் ஹாம்பர்க். அங்கிருந்து கிளம்பியவர்களின் பட்டியல் 1850 முதல் பெருமளவு தப்பிப் பிழைத்திருக்கிறது, அதில் கடைசியாக வசித்த ஊரும் இருக்கும். பிரேமன் வழி போனவர்கள் பாவம், அந்தத் துறைமுகத்தின் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பட்டியல்கள் கிட்டத்தட்ட எல்லாமே போய்விட்டன. ஹாம்பர்க்கில் நேரடிப் பயணப் பட்டியலில் பெயர் இல்லையென்றால் மறைமுகப் பட்டியலையும் பாருங்கள். மலிவு கருதி இங்கிலாந்தின் ஹல் துறைமுகம் வரை ஒரு கப்பல், அங்கிருந்து ரயிலில் லிவர்பூல், மறுபடி கப்பல் என்று போனவர்கள் பலர். நியூயார்க்கில் இறங்கியவர்கள் 1855 முதல் 1890 வரை காசில் கார்டன் என்ற குடியேறிகள் வரவேற்பு நிலையம் வழியாக வந்தார்கள். அதற்குப் பின் வந்த எல்லிஸ் தீவு நிலையம் 1892இல்தான் திறந்தது. உங்கள் ஆள் எல்லிஸ் தீவில் பெயர் மாற்றப்பட்டார் என்று வீட்டில் யாராவது சொன்னால் அது நடந்திருக்க வழியில்லை.

ஹோல்ஸ்டைனில் உங்களுக்கு இன்னொரு வசதி, டென்மார்க் அரசர் எடுத்த கணக்கெடுப்புகள். 1803, 1835, 1840, 1845, 1855, 1860 ஆகிய வருடங்களில் வீடு வீடாகப் பெயர், வயது, தொழில் எழுதியிருக்கிறார்கள். தன்னார்வலர் குழு ஒன்று அவற்றில் பலவற்றைப் பெயர்த்தெழுதி இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. 1838 வாக்கில் பிறந்தவர் 1845இல் ஏழு வயதுப் பையனாக அப்பா அம்மாவோடு இருக்க வேண்டும். 1855இல் பெரும்பாலும் வேறொரு பண்ணையில் வேலைக்காரனாக இருப்பார், திடப்படுத்தல் முடிந்ததும் வேலைக்கு அனுப்புவதுதான் அங்கே வழக்கம். அப்பா பண்ணையாராக இருந்தால் நிலம் பிரியாமல் ஒரே பிள்ளைக்குப் போயிருக்கும், மற்றவர்கள் கிளம்ப வேண்டியதுதான். அப்பா நிலமில்லாக் கூலியாக இருந்தால் சொல்லவே வேண்டாம். கிழக்கு ஹோல்ஸ்டைனின் பெரிய எஸ்டேட்டுகளில் பண்ணையடிமை முறையே 1805இல்தான் ஒழிந்தது. அந்தப் பகுதியில் பிறந்தவராக இருந்தால் அவருடைய தாத்தா அடிமையாகப் பிறந்தவராகவே இருக்கலாம். அவர் பேரன் இங்கே 80 ஏக்கருக்குச் சொந்தப் பட்டா வாங்கினார் என்பதை அந்தக் கண்ணோடு பாருங்கள்.

ஊரின் பெயரை 1912இல் வந்த மேயர்ஸ் ஊர் அகராதியில் சரிபார்த்துக்கொள்ளுங்கள், அது இணையத்தில் இலவசம். ஒரே பெயரில் பல ஊர்கள் இருக்கும். அந்த ஊரிலேயே சபை இருந்ததா என்பதை அது சொல்லும். இல்லையென்றால் ஊர் எந்தச் சபைக்கு உட்பட்டது என்று தனியாகக் கண்டுபிடியுங்கள், பதிவேடு இருப்பது சபையில்தான். புராட்டஸ்டண்ட் சபைப் பதிவேடுகள் பல ஆர்க்கியோன் என்ற கட்டணத் தளத்தில் ஏற்றப்பட்டிருக்கின்றன. அங்கே இல்லையென்றால் அந்தப் பகுதியின் சபை ஆவணக் காப்பகத்துக்கு ஜெர்மன் மொழியிலேயே சின்னக் கடிதம் எழுதுங்கள். குடும்பக் கதை முழுவதையும் எழுத வேண்டாம். முழுப் பெயர், ஏறக்குறைய பிறந்த வருடம், ஊர், அப்பா பெயர் தெரிந்தால் அது, கட்டணம் கொடுக்கத் தயார் என்ற ஒரு வரி. ஒரு கடிதத்தில் ஒரே கேள்வி: ஞானஸ்நானப் பதிவின் நகல் கிடைக்குமா? பதில் வர சில மாதம் ஆகலாம். அதுவரை அந்த நான்கு சாட்சிகளைத் தேடிக்கொண்டிருங்கள்.